பெயரில் நெட்வொர்க் என்று இருக்கும்

செருப்பை அங்கேயே கழற்றிவிடுங்கள். ஏணியைச் சுவரில் சாய்க்காதீர்கள். போன தடவை வந்த ஆள் சாய்த்த தடம் இன்னும் போகவில்லை, பாருங்கள், யானைக் காது மாதிரி. காலையில் வருவதாக மெசேஜ் அனுப்பிவிட்டு உச்சி வெயிலில் வந்து நிற்கிறீர்களே, வீட்டில் இருக்கிற மனுஷிக்கு வேறு வேலையே கிடையாது என்று உங்கள் கம்பெனியில் எழுதி வைத்திருக்கிறார்களா? எனக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. கேஸ் ஏஜென்சியிலும் பாங்கிலும் போய்க் கேளுங்கள், என் குரலைக் கேட்டாலே டோக்கன் இல்லாமல் உள்ளே விடுவார்கள்.

பெயர் என்ன? ஜெபராஜ். வீடு? சமாதானபுரமா? பக்கம்தானே, நடந்து வந்திருந்தால்கூடக் காலையிலேயே வந்திருக்கலாம். சரி, சரி, கோபப்படாதீர்கள். நான் செண்பகம். புகாரில் கோமதிநாயகம் என்று இருக்கும், அது என் வீட்டுக்காரர். நெட் பெட்டி நடு அறையில் இருக்கிறது. நாற்காலியை நகர்த்த வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே நகர்த்துகிறேன். அது அவர் உட்காருகிற நாற்காலி, உயரம் மாறிப்போய்விட்டால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முடிந்துவிட்டதா? அதற்குள்ளா?

போனைத் தூக்கிக் காட்டாதீர்கள், ஜெபராஜ். வேகம் காட்டுகிற முள் எங்கே போய் நிற்கிறது என்று எனக்கும் தெரிகிறது. பச்சை. நல்ல பச்சை. போன வாரம் வந்தவரும் இதே பச்சையைத்தான் காட்டினார், அதற்கு முந்தி வந்த மீசைக்காரரும் காட்டினார். "லைன் சூப்பரா இருக்கு மேடம், ஓ.டி.பி. சொல்லுங்க." நான் ஓ.டி.பி. சொன்னால் உங்கள் பக்கம் புகார் முடிந்தது. என் பக்கம் யார் முடிப்பார்கள்? எண் என் போனில் வந்து கிடக்கிறது, கிடக்கட்டும். பழுது தீராமல் சொல்ல மாட்டேன். ஒரு மணிக்கு அவர் வீடியோவில் கூப்பிடுவார், அப்போது உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கொஞ்ச நேரம்தான். மோர் தருகிறேன், உட்காருங்கள்.

ஏன் இத்தனை புகார் என்றுதானே யோசிக்கிறீர்கள்? நான் சீரியல் பார்க்க முடியவில்லை என்று கொடுத்த புகார் இல்லை இது. இந்த லைன் சரியானால் அவர் பெங்களூரை விட்டு இங்கே வந்துவிடுவார். அவ்வளவுதான் விஷயம். அது உங்கள் கையில் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

பிள்ளைகளா? இல்லை. அடுத்த கேள்வி.

அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் நீங்களும் தலையைச் சொறிவீர்கள். நானே பல வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. அத்தை, அதாவது அவர் அம்மா, படுக்கையில் இருந்தார்கள், அவர்களைப் பார்க்க ஆள் வேண்டும், நான் இருந்தேன். தீபாவளிக்கு வருவார், கோயில் கொடைக்கு வருவார், பையை முழுசாகப் பிரிக்காமலே திரும்பிவிடுவார். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு நான் பெங்களூருக்குப் போகலாம் என்று இருந்தபோது ஊரெல்லாம் நோய் வந்து ஆபீஸை மூடினார்கள். அவர் இங்கே வந்தார். மூன்று வருஷம் இருந்தார், ஜெபராஜ். மூன்று வருஷம் இந்த வீட்டில் ஓர் ஆண் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

காலையில் அந்த அறைக் கதவைச் சாத்தினால் ஒரு மணிக்குத்தான் திறக்கும். நான்தான் திறப்பேன். அவர் வாய் பேசாத ஆள். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "ம்", நன்றாக இல்லையா என்று கேட்டாலும் "ம்". நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் இருந்தார்கள், கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லாவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். இவரை அந்த அம்மாவிடம் அனுப்பியிருந்தால் வாழ்நாள் பூரா பெஞ்சு மேல்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏங்க, நாள் பூரா அந்த ரூமுக்குள்ள என்னதான் பண்ணுதீங்க?"

"யாரு யாருக்காகக் காத்துக் கெடக்கான்னு பாக்கேன்" என்றார்.

முழு வாக்கியம்! நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது. மற்ற வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள், சண்டையாவது போடுவார்கள். நாங்கள் காத்திருப்பைப் பற்றிப் பேசினோம். டேட்டாபேஸ் என்று ஒன்று, ஒரு கம்பெனியின் சரக்கு, பில், ஆள் எல்லாம் அதற்குள்தான் இருக்குமாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க உள்ளே வேலையாட்கள் மாதிரி சில. அந்த வேலையாள் எங்கேயாவது நிற்க வேண்டி வந்தால், எதற்காக நின்றான், எவ்வளவு நேரம் நின்றான் என்று மிஷினே குறித்துக்கொள்ளுமாம். டிஸ்க்கிலிருந்து வரவேண்டும் என்று நின்றானா, இன்னொருத்தன் பூட்டி வைத்திருக்கிறான் என்று நின்றானா. மெதுவாகப் போகிறது என்று யாராவது கத்தினால் இவர் அந்தக் குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி.

"அப்ப எது பெருசா இருக்கோ அதுதானே சீக்கு? இதுக்கா இம்புட்டுச் சம்பளம்?" என்று கேட்டேன்.

"அப்படி நெனச்சுத்தான் எல்லாவனும் கெட்டுப்போறான்" என்றார். "மொதல்ல சிலதைக் கழிச்சிரணும், செண்பகம். வேலை வரட்டும்னு சும்மா உக்காந்திருக்கிறதையும் காத்திருப்புன்னுதான் அது எழுதி வச்சிருக்கும். இருக்கிறதிலேயே பெரிய எண்ணு அதுதான். தெரியாதவன் பாத்தாப் பயந்திருவான். அதுல ஒண்ணும் கெடையாது. தொந்தரவில்லாத காத்திருப்பு. அதைக் கண்டுக்கவே வேண்டாம்."

"தொந்தரவு இல்லைன்னு யாரு சொன்னா? அதுகிட்டக் கேட்டீங்களா?"

சாதம் புரையேறிவிட்டது அவருக்கு. "மிஷினுட்டி அது!" என்று சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிக்கிறார். நான் தலையில் தட்டினேன். நான் சொன்னதற்கு அந்த மனுஷன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் அதையே இரண்டு மூன்று தடவை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லுவார். மிஷினை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தத்தைப் பார்ப்பது வீண். என்றைக்கோ நடந்த தகராறெல்லாம் அதில் கலந்து கிடக்கும். இப்போது ஒரு தடவை பார், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை பார், இரண்டையும் கழி, நடுவில் என்ன நடந்ததோ அதுதான் கணக்கு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் கல்யாணத்தையே மொத்தமாக எடுத்தால் யாரும் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் அந்த மூன்று வருஷத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நன்றாகத்தான் இருந்தோம்.

மோர் உப்புக் கரிக்கிறதா? இல்லையே. குடியுங்கள்.

அப்போதுதான் அந்த மருந்துக்கடை விவகாரம் வந்தது. பெயர் வேண்டாம், ஊர் ஊராகக் கடை வைத்திருக்கிற கூட்டம். இவர் கம்பெனிதான் அவர்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறது. பில் போடுகிற திரை அப்படியே நின்றுவிடும். காய்ச்சல்காரன் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பான், கவுன்ட்டரில் இருக்கிற பெண் திரையைத் தட்டுவாள். இது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்தக் கோடை பூராவும். மேனேஜர் கத்துவது இந்த ஹாலுக்குக் கேட்கும். அந்த ஆளுக்கு ஒரு இங்கிலீஷ், அடேயப்பா, கேட்கிறபோதெல்லாம் எனக்குச் சிவப்பு மையில் சுழிக்கக் கை துறுதுறுக்கும். இவர் காத்திருப்புக் குறிப்பை எடுத்துக் கழிக்க வேண்டியதைக் கழித்துக் காட்டினால், மேலே முதலில் நிற்கிறது ஒரு காத்திருப்பு. அதன் பெயரிலேயே நெட்வொர்க் என்று இருக்கிறது. "அதுலயே எழுதியிருக்கே, நெட்வொர்க்குதான்!" என்று மேனேஜர் குதித்தார். லைனை மாற்றினார்கள். தடியான லைன் போட்டார்கள். கடை கடையாகப் பெட்டியை மாற்றினார்கள். உங்களை மாதிரி எத்தனை பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்களோ. திரை நின்றபடியேதான் இருந்தது.

இவர் மேஜையில் உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே சிரிக்கிறார். "பேரைப் பாத்து ஏமாந்துட்டானுவ, செண்பகம். பேருலதான் நெட்வொர்க்கு. இப்படி வந்ததுல பாதிக்கு மேல பாத்துட்டேன், லைன்ல ஒரு கோளாறும் இருக்காது. கேட்டதுக்குப் பதிலைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு டேட்டாபேஸ் நிக்கி. கேட்டவன் வாங்க மாட்டேங்கான். கேட்டுட்டு வேற எதையோ பாத்துக்கிட்டு இருக்கான். அதுக்குப் பேரு நெட்வொர்க்காம்!"

"அப்ப யாரு மேல தப்பு?"

"அந்தப் பக்கம் இருக்கிறவன் கவனிக்கல. அவ்வளவுதான்."

அப்படித்தான் இருந்தது. கடையில் இருக்கிற திரை மொத்த மருந்தையும் கொண்டா என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். தேவையானதை மட்டும் கேள் என்று இவர் திருத்தச் சொன்னார், சரியாகப் போயிற்று. மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். "கோம்ஸ், கோம்ஸ்" என்று. ஆமாம், அங்கே இவருக்குப் பெயர் கோம்ஸ். சங்கரன்கோவில் அம்மன் பெயரை வைத்த பிள்ளை, கோம்ஸாம். போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கின மாதிரி.

அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது நடந்ததில் நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். அன்றைக்குச் சொதி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம்மூர்க்காரர். தேங்காயைத் திருகி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எங்கள் மறுவீட்டில் அவர் மூன்று தடவை கேட்டு வாங்கின சொதி. அது ஆறினால் போச்சு. மறுபடி சூடு காட்டினால் பால் திரிந்துவிடும். சாம்பாரைப் போல அது பொறுத்துக்கொண்டு கிடக்காது.

இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். "இந்தா வாரேன்" என்றார். மறுபடி கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் பொறு, செண்பகம்." எல்லா நாளும் இதேதான் சொல்லுவார், அந்த ஒரு நிமிஷத்துக்குள் நான் துணியெல்லாம் மடித்து முடித்துவிடுவேன். போய்ப் பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை சும்மாதான் இருந்தது. "சொதி திரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று மூடியை மூடிவிட்டேன். லேப்டாப் மூடியைத்தான். மூடினால் என்ன? அவர் வேலை நடக்கிற மிஷின் பெங்களூரில் இருக்கிறது, இங்கே மூடினால் அங்கே ஒன்றும் அணையாது என்று அவரேதான் சொல்லியிருக்கிறார்.

அணையவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஏதோ காலாவதியான மருந்தையெல்லாம் சரக்கிலிருந்து நீக்குகிற வேலை. நீக்கியாயிற்று, முடிந்தது என்று கடைசியாக ஒரு வார்த்தை அடிக்க வேண்டும். அதை அடிக்கிற வரைக்கும் அந்த இடம் பூட்டியே இருக்குமாம். வேறு யாரும் தொட முடியாது. ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அடிக்கலாம் என்று இருந்தாராம். அடிக்கவில்லை. சொதிக்கு வந்துவிட்டார்.

நன்றாகச் சாப்பிட்டார், ஜெபராஜ். இஞ்சித் துவையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அவர் போனை நான்தான் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் போன் கூடாது என்பது இந்த வீட்டில் நான் வைத்த சட்டம். நடுவில் என் போனுக்கு மிருதுளா கூப்பிட்டாள். இவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், சேலத்துக்காரி. "ஆன்ட்டி, கோம்ஸ் சார் இருக்காரா? அர்ஜென்ட்." "சாப்பிடுதார்மா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டேன். சாப்பிடுகிற மனுஷனை எழுப்பக் கூடாது, அது எந்த ஊரிலும் மரியாதை.

அத்தனை கடையும் நின்றுவிட்டது. ஒருத்தன் இன்னொருத்தனுக்காக நிற்கிறான், அவன் வேறொருத்தனுக்காக நிற்கிறான். இவர் சொல்லிக்கொடுத்த முறைப்படியே மிருதுளா தேடியிருக்கிறாள். ரொம்ப நேரம் நிற்கிறவனைப் பார்க்காதே, அவன் யாருக்காக நிற்கிறான் என்று பிடித்துக்கொண்டே மேலே போ, தலைமாட்டில் யாருக்காகவும் காத்திருக்காத ஒருத்தன் இருப்பான், அவன்தான் ஆள். போனாள். தலைமாட்டில் இருந்த பெயர் கோமதிநாயகம். பக்கத்தில் 'தூங்குகிறது' என்று போட்டிருந்ததாம். அதைத்தான் மேனேஜர் திருப்பித் திருப்பிச் சொன்னார், ஸ்லீப்பிங், ஸ்லீப்பிங் என்று. தூங்கவில்லை, சொதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நான் உள்ளே போய்ச் சொல்லத் தயாராகக் கதவுக்கு வெளியே நின்றேன். இவர் அதற்குள் "என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டார்.

சரியாகத்தானே சொன்னார்? கையில் வேலையை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எதற்கு எழுந்து வர வேண்டும்? "பொறு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னார்தான். எல்லா நாளும் சொல்லுகிறதை நான் எப்படி அன்றைக்கு மட்டும் தனியாகக் கண்டுபிடிப்பேன்?

என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், அன்றைக்கே தீர்ந்திருக்கும். இரவு பாலைக் குடித்துவிட்டுப் படுத்தார். ஓடுகிற மிஷினைத் தொடுகிறவர்கள் எல்லாரும் இனிமேல் ஆபீஸில் உட்கார்ந்துதான் தொட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பையை எடுத்தார், போய்விட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, ஒற்றை அறை, உனக்குச் சரிப்படாது என்றார். எனக்கு எது சரிப்படும் என்று அவருக்குத் தெரியாதா?

பேச ஆள் இல்லையா என்று கேட்கிறீர்களா? தெரு நிறைய ஆள் இருக்கிறது. நான் பேசினால் குத்துகிறதாம். எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறாள், போன் தலைகீழாக இருக்கிறது. உங்கள் புகார் நம்பரில் பேசுகிற பெண்தான் மரியாதையான பெண். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்" என்று கடைசி வரைக்கும் கேட்பாள்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு மிருதுளா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். நல்ல பெண், அன்றைக்கு நான் போனை வைத்ததை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "நான் சேலத்துக்கே வந்துட்டேன் ஆன்ட்டி. ஆர்டரைத் தளர்த்திட்டாங்களே, யார் வேணா வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்னு. ஆடியிலேயே சொல்லிட்டாங்க. கோம்ஸ் சார் சொல்லலையா?"

அன்றைக்கே கேட்டேன். "என்னங்க, வீட்டுக்கு வரலாம்னு சொல்லியாச்சாமே?"

தொண்டையைச் செருமினார். அப்புறம் சொன்னார். "அங்க நெட்வொர்க் ஸ்லோவா இருக்கு, செண்பகம். அந்த லைனை வச்சுக்கிட்டு லைவ் மிஷினைத் தொட முடியாது."

"அட, அவ்வளவுதானா! இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றேன். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. நானாக என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். அதுதான் முதல் புகார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவரே சொன்னார், ஜெபராஜ், நெட்வொர்க் என்று. வேறு யாராவது சொன்னால் நான் நம்புவேனா? அதிலேயே ஊறின மனுஷன். அவருக்குத் தெரியாத நெட்வொர்க்கா?

இதோ. ஒரு மணி. பார்த்தீர்களா, நேரம் தவற மாட்டார். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட வேண்டும், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும் என்று நான்தான் சொன்னேன். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிடுவேன். நீங்கள் இப்படி என் பக்கம் வந்து நில்லுங்கள், உங்கள் முகம் தெரிய வேண்டாம்.

"என்னங்க, சாப்பாடு வந்துட்டா? என்ன இன்னைக்கு, மறுபடியும் அந்தச் சப்பாத்தியா?"

"ம்."

"இங்க சொதி. உங்களுக்குப் பிடிக்குமேன்னு வைக்கல, முருங்கைக்காய் முத்திப்போகும்னு வச்சேன். நெட்காரர் வந்திருக்காரு, இன்னைக்கு முடிச்சிருவாரு. கேட்டுச்சா?"

"ம்."

"சித்திரைக்குள்ள வந்துரலாம்லா?"

பாருங்கள், ஜெபராஜ். பாருங்கள், வந்துவிட்டது பழுது. நின்றுவிட்டதா? இதைத்தான் நான் தலையால் அடித்துக்கொண்டு சொல்கிறேன். தினமும் இந்த இடத்தில்தான். கண் அந்தப் பக்கமாகப் போய் அப்படியே நிற்கும். வாய் அசையாது. கன்னத்தில் ஏதோ திரையின் வெளிச்சம் மட்டும் நீலமாக, வெள்ளையாக மாறி மாறி அடிக்கும். நன்றாகப் பாருங்கள், பின்னால் ஃபேன் சுற்றுகிறது. ஜன்னல் திரைகூட ஆடுகிறது பாருங்கள். எல்லாம் வருகிறது. அவர் முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. இப்படி முகத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிற பழுது உங்கள் கம்பெனியில் வேறு யாருக்காவது உண்டா?

"என்னங்க? கேக்குதா? என்னங்க?"

"ம்."

குரல் மட்டும் நடுவில் இப்படி ஒன்று வந்து விழும். பச்சை முள்ளைக் காட்டினீர்களே, இதற்கு இப்போது என்ன சொல்கிறீர்கள்?

சொல்லுங்கள், ஜெபராஜ்.

எங்கே போகிறீர்கள்? பெட்டியையா? அதை முதலிலேயே திறந்து பார்த்திருக்கலாமே. பார்த்து, பார்த்து, லைனைக் கழற்றிவிடாதீர்கள், அவர் இன்னும் அதிலேதான் இருக்கிறார். துடைக்கிறதென்றால் துடையுங்கள், நல்ல துணி தருகிறேன். கனெக்டரை மாற்ற வேண்டுமா? அப்படியானால் பழுது இருக்கிறது. இருக்கிறதுதானே? உங்கள் வாயால் சொல்லுங்கள். "பழுதுதான் மேடம். கொஞ்சம் சிக்கலான பழுது." சொன்னீர்களே, நல்லது! இத்தனை பேர் வந்தார்கள், ஒருத்தருக்கும் இதைச் சொல்லத் தைரியம் இல்லை. மீசைதான் இருந்தது.

அதற்கு எதற்குக் குனிந்துகொண்டே பேசுகிறீர்கள்? நிமிர்ந்து பேசுங்கள்.

வருகிற வாரம் திரும்ப வந்து பார்ப்பீர்களா? வாருங்கள். புகாரை முடிக்காமல் வைத்துவிடுகிறீர்களா? மேலே திட்ட மாட்டார்களே? திட்டினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஓ.டி.பி.யை நீங்கள் அப்புறம் கேட்கவே இல்லை, கவனித்தேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். வேண்டாம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. ஒரு ஆளுக்குச் சொதி வைக்க எனக்குத் தெரியாது, எத்தனை வருஷமானாலும் கை இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. ஆறிப்போனால் சூடு பண்ண முடியாது, அதான் சொன்னேனே. இந்தப் பக்கம் உட்காருங்கள், அது அவர் இடம்தான், பரவாயில்லை.

போனை நகர்த்தாதீர்கள். சொம்பில் சாய்ந்தபடியே இருக்கட்டும். மெதுவாகப் பேசுங்கள், என்ன? லைன் எந்த நேரமும் வந்துவிடும்.